காற்றில் வரும் வீட்டு இணையம்: 5ஜி பெட்டியோடு பல மாதம் பழகியபின் என் மதிப்பீடு

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் எட்டாத இடத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்த 5ஜி வீட்டு இணையப் பெட்டியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாசல் வரை ஃபைபர் வந்துவிட்டவர்களுக்கு இது தேவையில்லை. பழைய செம்புக்கம்பி இணைப்பில் காலம் தள்ளிக்கொண்டிருப்பவர்கள்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியவர்கள். அவர்கள் வாங்குவதற்கு முன் இரவு ஒன்பது மணிக்கு ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும். அதைப் பின்னால் விவரமாகச் சொல்கிறேன்.

நான் ஒலிப்புத்தகங்களுக்கு வாசிப்பவள். வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் பதிவு செய்து, மூச்சுச் சத்தத்தையும் தடுமாறிய இடங்களையும் வெட்டிச் சுத்தம் செய்து, கோப்புகளைப் பதிப்பகத்துக்கு ஏற்றி அனுப்ப வேண்டும். சுருக்காத ஒலிக்கோப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 500 எம்பி வரும். அதனால் எனக்கு டவுன்லோடு எவ்வளவு முக்கியமோ, அதைவிட ஒரு படி மேலாக அப்லோடு முக்கியம். பழைய இணைப்பில் ஓர் அத்தியாயத்தை ஏற்றப் போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் பார்க்கும்போது பாதியில் நின்றிருக்கும். இந்தக் கண்ணோடுதான் பெட்டியைப் பார்த்திருக்கிறேன். விளையாட்டுக்காகவோ படம் பார்க்கவோ இணையம் வாங்குகிறவர்களின் கணக்கு கொஞ்சம் மாறலாம்.

பெட்டியில் பார்வைக்கு விசேஷம் ஒன்றும் இல்லை. உள்ளே ஒரு சிம், பின்னால் இரண்டு லேன் துளைகள், ஒரு ரப்பர் மூடிக்குள் வெளி ஆண்டெனா மாட்ட இரண்டு துளைகள். மின்சாரம் கொடுத்தால் டவரைத் தேடிப் பிடித்து, வீட்டுக்குள் வைஃபையாகப் பரப்பும். கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போடுவதும் இதுவும் அடிப்படையில் ஒரே வேலைதான். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் ஆண்டெனாக்கள் பெரியவை. பேட்டரிக்காக மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வைத்த இடத்தில் அசையாமல் நிற்கிறது. இவை சேர்ந்துதான் கைப்பேசியில் கிடைக்காத ஒரு நிதானத்தைத் தருகின்றன.

இந்த யோசனை புதிதும் அல்ல. ஜப்பானின் என்டிடி டோகோமோ 2001 அக்டோபர் 1 அன்று உலகின் முதல் வணிக 3ஜி சேவையைத் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து யுஎஸ்பி டாங்கிள்கள் வந்தன. மடிக்கணினியில் செருகிக்கொண்டு எங்கிருந்தும் நெட் பார்க்கலாம் என்பதே அன்று பெரிய அதிசயம். வைமாக்ஸ் என்ற கம்பியில்லா இணைய நுட்பம் வந்தது, வீடுகளுக்குப் பெட்டி கொடுத்தது, 4ஜி-க்கு அடிப்படையான எல்டிஇ நுட்பத்திடம் தோற்றுப் போனது. 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஓஸ்லோவிலும் டெலியாசோனெரா நிறுவனம் உலகின் முதல் 4ஜி சேவையைத் திறந்தபோதும் வாடிக்கையாளர் கையில் இருந்தது டாங்கிள்தான். 4ஜி கைப்பேசிகள் பிறகுதான் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே குறை இருந்தது. மாதம் முழுக்கவும் சேர்த்து அவர்கள் கொடுத்த டேட்டாவை, இன்று ஒரு குடும்பம் ஒரே மாலையில் தீர்த்துவிடும்.

அப்படியானால் இப்போது மட்டும் எப்படி முழு வீட்டுக்கும் காற்றில் இணையம் கொடுக்க முடிகிறது? இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் எனக்குத் தெளிவாயின.

தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் எரிக்சன் நிறுவனம் உலக மொபைல் டேட்டாப் போக்குவரத்தைப் பற்றி ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளைப் பார்த்தால், 2018 இறுதியில் மொபைல் டேட்டாவின் ஆண்டு வளர்ச்சி 80 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அதே வளர்ச்சி 2025 தொடக்கத்தில் 20 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. பயன்பாடு குறையவில்லை, ஏறும் வேகம்தான் தணிந்திருக்கிறது. காரணம் எளிது. மொபைல் டேட்டாவில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு வீடியோ. ஒருவர் ஒரு நாளில் கைப்பேசித் திரையில் எவ்வளவு நேரம்தான் வீடியோ பார்க்க முடியும்? அந்தச் சின்னத் திரைக்கு ஓர் அளவுக்கு மேல் தெளிவும் தேவைப்படாது.

இதே காலத்தில்தான் நிறுவனங்கள் 5ஜி-க்காகப் பெரும் அலைக்கற்றையை ஏலத்தில் எடுத்து டவர்களில் ஏற்றின. 4ஜி-யில் ஓர் அலைவரிசைப் பட்டை அதிகபட்சம் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். 5ஜி-யின் முக்கியப் பட்டையான 3.5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஒரே பட்டை 100 மெகாஹெர்ட்ஸ் வரை போகலாம். கூடவே ஒரே பலகையில் 64 ஆண்டெனாக்களை அடுக்கி, சிக்னலைப் பயனர் இருக்கும் பக்கம் குவித்து அனுப்பும் நுட்பமும் வந்தது. திறன் கொட்டிக் கிடந்தது. கைப்பேசிகளால் மட்டும் அதை நிரப்ப முடியவில்லை. 5ஜி என்பதற்காக வாடிக்கையாளரும் கூடுதலாகப் பணம் கொடுக்கத் தயாராக இல்லை. மிஞ்சிய திறனை வீடுகளுக்கு விற்பதே அவர்களுக்குக் கிடைத்த வழி. அமெரிக்காவில் டி-மொபைல் இதை வெளிப்படையாகவே சொல்லித்தான் விற்றது: எந்தப் பகுதியில் மிச்சத் திறன் இருக்கிறதோ அங்கே மட்டும் வீட்டு இணைப்பு. எரிக்சன் கணக்கின்படி உலகில் சுமார் 16 கோடி இணைப்புகள் இப்படி ஓடுகின்றன. மொபைல் வலைப்பின்னல்களில் பாயும் டேட்டாவில் நான்கில் ஒரு பங்கு இவற்றால் வருவது. 2024 இறுதி நிலவரம் இது. 2030-ல் 35 கோடி இணைப்புகள் என்று எதிர்பார்க்கிறார்கள்.

எண்ணிக்கையில் 16 கோடி, பங்கில் கால்வாசி. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உலகில் 5ஜி சந்தாக்கள் மட்டுமே அப்போது 200 கோடியைக் கடந்துவிட்டன. 4ஜி அதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. அத்தனை கைப்பேசிகளுக்கு நடுவில் இந்தச் சிறு கூட்டம் கால்வாசியை எடுத்துக்கொள்கிறது என்றால், ஒரு வீடு எத்தனை கைப்பேசிகளுக்குச் சமமாகத் தின்கிறது என்று தெரியும். ஸ்மார்ட்போன் ஒன்றின் உலகச் சராசரி மாதத்துக்கு 20 ஜிபி-யை ஒட்டி இருக்கும்போது, எங்கள் வீட்டுப் பெட்டி காட்டும் மாதக் கணக்கு சில நூறு ஜிபி. அதனால்தான் இணைப்பு கேட்டபோது முதலில் முகவரியைக் கேட்டார்கள். எங்கள் பக்கத் தெருவில் ஒருவருக்கு, சிக்னல் முழுதாக இருந்தும், இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்போது அவருக்கு வருத்தம்தான். ஆனால் கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கிற நிறுவனத்தைவிட, இடமில்லை என்று சொல்கிற நிறுவனத்தையே நான் நம்புவேன்.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

பொருத்த வந்தவர் அதை வரவேற்பறை மூலையில் வைத்து, பச்சை விளக்கு எரிகிறது என்று காட்டிவிட்டுப் போய்விட்டார். ஓடியது, ஆனால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அங்கே இரண்டு எண்கள் உண்டு. ஒன்று ஆர்எஸ்ஆர்பி, சிக்னலின் பலம். எதிர்க்குறியோடு வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. இன்னொன்று எஸ்ஐஎன்ஆர், இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்பது. இது கூடக் கூட நல்லது. மூலையில் இருந்தபோது பலம் மைனஸ் 108, தெளிவு வெறும் 4. சமையலறை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன், பெரிய மாற்றம் இல்லை. ஜன்னலைத் திறந்தேன். மைனஸ் 91. மூடினால் மறுபடி நூறைத் தாண்டிப் போகிறது.

வெப்பத்தைத் தடுக்க இப்போதைய ஜன்னல் கண்ணாடிகளில் மெல்லிய உலோகப் பூச்சு பூசுகிறார்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும் அந்தப் பூச்சு டவர் சிக்னலையும் திருப்பி அனுப்பிவிடுகிறது. மைனஸ் 108-க்கும் மைனஸ் 91-க்கும் நடுவில் 17 டெசிபல். மின்திறனில் சொன்னால் ஐம்பது மடங்கு. ஐம்பது மடங்கு சிக்னல் ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது! கடைசியில் பூச்சில்லாத சாதாரணக் கண்ணாடி போட்ட மாடிப்படி ஜன்னலில் பெட்டிக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்து அறைக்கு ஒரு லேன் கம்பி இழுத்துக்கொண்டேன். வீட்டுக்கு மிக அருகிலுள்ள டவர் வேறு திசையில் இருக்கிறது. ஆனால் அதற்கு நடுவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் மறைக்கிறது. தொலைவில் இருக்கும் டவர் நேர்க்கோட்டில் தெரிகிறது, பெட்டியும் அதையே பிடித்துக்கொள்கிறது. இதையெல்லாம் பொருத்த வந்தவர் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிப்பதால் எத்தனை பேர் இந்தச் சேவையை மோசம் என்று திருப்பிக் கொடுக்கிறார்களோ என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். சேவையின் பாதித் தரம் பெட்டி நிற்கும் இடத்தில் இருக்கிறது.

இடம் மாறியதும் காலை நேரத்தில் டவுன்லோடு 350 எம்பிபிஎஸ்-ஐத் தொட்டது. விளம்பரத்தில் சொன்னதைவிட அதிகம். மதியம் 250-க்குக் குறையவில்லை. மாலை ஏழு மணிக்கு மேல் இறங்க ஆரம்பிக்கும். இரவு ஒன்பது, ஒன்பதரைக்கு 60, சில நாள் 40. பதினொன்றுக்கு மேல் மறுபடி ஏறிவிடும்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஃபைபரிலும் எங்கோ ஓரிடத்தில் பகிர்வு உண்டு. ஆனால் காற்றில் பகிர்வு டவரிலேயே தொடங்கிவிடுகிறது. டவரின் ஒரு முகம் பார்க்கும் பகுதியில் இருக்கும் எல்லாரும், என் வீடும், தெருவில் நடப்பவரின் கைப்பேசியும், பேருந்தில் போகிறவரின் கைப்பேசியும், அதே 100 மெகாஹெர்ட்ஸைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அதில் தொலைவில் சிக்னல் குறைவாக இருப்பவர் ஒரு படத்தைப் பார்த்தால், அருகில் இருப்பவரைவிடப் பல மடங்கு அதிக நேரத்தை டவரிடம் வாங்கிக்கொள்வார். ஆகவே மோசமான இடத்தில் வைத்த ஒரு பெட்டி அந்த வீட்டுக்கு மட்டும் கெடுதல் செய்வதில்லை. அந்தப் பகுதி முழுக்க அதன் பாரம் விழுகிறது. இன்னொன்றும் உண்டு: பல நிறுவனங்கள் நெரிசல் வந்தால் கைப்பேசிகளுக்கே முன்னுரிமை என்று ஒப்பந்தத்தின் உட்பிரிவில் எழுதி வைத்திருக்கின்றன. வீட்டுப் பெட்டிக்கு அதற்கு அடுத்த இடம்தான். மிச்சத் திறனை வாங்கியிருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

முதலில் சொன்ன ஒன்பது மணிச் சோதனை இதுதான். வாங்கப் போகும் நிறுவனத்தின் 5ஜி சிம் உள்ள கைப்பேசி ஒன்றைக் கடன் வாங்குங்கள். வார நாளில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று, இரவு ஒன்பது மணிக்குப் பெட்டி வைக்க நினைக்கும் அதே ஜன்னலில் வைத்து ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். டவுன்லோடை மட்டும் பார்க்காமல் அப்லோடு, பிங் (தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கு 50 எம்பிபிஎஸ் நிலையாக வந்தால் தாராளமாக வாங்கலாம். உயர்தெளிவு வீடியோ ஒன்றுக்கு 5 எம்பிபிஎஸ் போதும், 4கே என்றால் 25; வீட்டில் நான்கு பேர் என்றாலும் சமாளிக்கும். பத்துக்குக் கீழே போய்ப் போய் வந்தால் வேண்டாம், காலையில் 500 காட்டினாலும் வேண்டாம்.

அப்லோடைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கே துரோகம். விளம்பரங்களில் இதைப் பற்றி ஒரு வரி கூட இருப்பதில்லை. டவர் பெரிய மின்திறனில் கத்திச் சொல்கிறது, நம் சாதனம் கால் வாட்டுக்கும் குறைவான திறனில் பதில் சொல்கிறது. தொலைவு கூடினால் முதலில் தேய்வது அந்தப் பதில்தான். போதாததற்கு, 3.5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இறங்குவதற்கும் ஏறுவதற்கும் தனித்தனி அலைவரிசை கிடையாது. ஒரே அலைவரிசையை நேரத்தால் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் முக்கால்வாசி அல்லது அதற்கும் மேல் இறங்குவதற்குப் போய்விடும், ஏனென்றால் மக்கள் பார்ப்பதுதான் அதிகம், அனுப்புவது குறைவு.

பெட்டி மூலையில் இருந்தபோது அப்லோடு 2 எம்பிபிஎஸ். ஒரு மணி நேரப் பதிவை அனுப்ப அரை மணிக்கு மேல். மாடிப்படி ஜன்னலுக்கு வந்தபிறகு 25. அதே கோப்பு மூன்று நிமிடத்துக்குள் போய்விடுகிறது. இரவிலும் 15-க்குக் கீழே போனதில்லை. எனக்கு இந்தச் சேவையின் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். டவுன்லோடு 350-லிருந்து 50-க்கு விழுந்ததை நான் கவனிக்கக்கூட இல்லை; அப்லோடு 2-லிருந்து 25-க்கு ஏறியது என் வேலைநாளையே மாற்றிவிட்டது.

ஒரு சிக்கல் மட்டும் வெகு நாள் படுத்தியது. பெரிய கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது இயக்குநரோடு வீடியோ அழைப்பில் பேசினால் குரல் வெட்டி வெட்டி வரும். சும்மா இருக்கும்போது 30 மில்லிசெகண்டாக இருக்கும் பிங், கோப்பு ஏறும்போது 400-ஐத் தாண்டும். வேகம் குறைந்ததால் வரும் கோளாறு இல்லை இது. பெட்டி தன்னிடம் சேர்ந்த டேட்டாவையெல்லாம் வரிசையில் நிறுத்தி வைத்துக்கொள்கிறது. நம் குரல் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. காற்றில் வரும் இணைப்பில் இது ஃபைபரைவிட அதிகம், ஏனென்றால் வேகம் நொடிக்கு நொடி மாறுவதால் நிறையச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கோப்பு ஏற்றும் மென்பொருளில் அதிகபட்ச வேகத்தை 12 எம்பிபிஎஸ் என்று கட்டுப்படுத்தினேன். கோப்பு போக ஐந்தாறு நிமிடம் ஆகிறது, அழைப்பு துளி தடங்கலில்லாமல் ஓடுகிறது. நல்ல ரூட்டர்களில் இதைத் தானாகவே செய்யும் வசதி உண்டு. நிறுவனம் கொடுத்த பெட்டியில் இல்லை. மாதக் கட்டணம் வாங்கும் வீட்டுச் சேவையில் இது இல்லாதது பெரிய குறை, மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் வேண்டும்.

வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து பார்க்க நினைப்பவர்கள், வீட்டில் சர்வர் ஓட்டுபவர்கள் கவனிக்க: பெரும்பாலான மொபைல் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே ஐபிவி4 முகவரிக்கு, அதாவது பழைய முறை இணைய முகவரிக்கு, பின்னால் நிறுத்துகின்றன. உலகில் அந்த முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான், எப்போதோ தீர்ந்துபோயின. வெளியிலிருந்து நேராக வீட்டுக்குள் நுழைய முடியாது. புதிய முறை முகவரியான ஐபிவி6 இருந்தால் வழி உண்டு. எனக்கு இதனால் பாதிப்பில்லை.

வெயில் ஒரு விஷயம். நேர்வெயில் படும் ஜன்னலில் பெட்டி சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கோடை மதியங்களில் மட்டும் வேகம் சரிவதைப் பார்த்து டவரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியவில்லை. ஒரு வெள்ளை அட்டையை மறைப்பாக நிறுத்தியதும் சரியாகிவிட்டது. உலோகத் தகடு வைத்துவிடாதீர்கள், சிக்னல் போய்விடும். பெட்டியில் பேட்டரி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மின்சாரம் போனால் இதுவும் போய்விடும்.

பச்சை விளக்கை நம்ப வேண்டாம். நிறைய நாடுகளில் 5ஜி இன்னும் 4ஜி-யின் தோளில் ஏறித்தான் வருகிறது: இணைப்பைத் தொடங்குவதும் நிர்வகிப்பதும் 4ஜி, கூடுதல் வேகம் மட்டும் 5ஜி. விளக்கு 5ஜி என்று எரியும், டேட்டாவின் பெரும்பகுதி 4ஜி-யில் போய்க்கொண்டிருக்கலாம். தனித்து நிற்கும் 5ஜி மையத்துக்கு மாறிய வலைப்பின்னல்கள் இன்னும் குறைவு. என் நிறுவனம் எந்த வகை என்று வாடிக்கையாளர் சேவையில் கேட்டேன். பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள். எதைக் கேட்டாலும் அதையே சொல்கிறார்கள். கண்ணாடிப் பூச்சு, அப்லோடு, வரிசை நெரிசல், மூன்றுக்கும் அதே பதில். எதிர்முனையில் பேசுகிறவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குக் கொடுத்த தாளில் அவ்வளவுதான் இருக்கிறது. ஒரு பக்கம் அச்சடித்துப் பெட்டிக்குள் போட்டால் பாதி அழைப்புகள் அவர்களுக்கே மிச்சமாகும்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் 5ஜி உலகெங்கும் பரவிவிட்டது என்ற தொனியில் எழுதுகிறார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 மதிப்பீட்டில், உலக மக்களில் 51 சதவீதம் பேருக்கு 5ஜி சிக்னல் எட்டுகிறது. பணக்கார நாடுகளில் 84 சதவீதம், ஏழை நாடுகளில் 4. அந்த 4-ஐப் பார்த்த பிறகு என் ஒன்பது மணிக் குறைகளைச் சொல்லவே கூச்சமாக இருந்தது. கம்பி இழுக்கக் காசில்லாத இடத்துக்குத்தான் காற்றில் வரும் இணையம் அதிகம் பயன்பட வேண்டும். வந்திருப்பதோ ஏற்கெனவே கம்பி உள்ள இடங்களுக்கு.

டவர் போட்டால் தீர்ந்துவிடும் பிரச்சினையும் இல்லை. மொபைல் நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ-யின் 2024 அறிக்கைப்படி, மொபைல் இணையச் சிக்னலே எட்டாதவர்கள் சுமார் 35 கோடிப் பேர். சிக்னல் எட்டியும் பயன்படுத்தாதவர்கள் 310 கோடி. கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு! முக்கியக் காரணங்களில் ஒன்று கைப்பேசியின் விலை. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்கு மக்களுக்கு, மிக மலிவான இணையக் கைப்பேசியே மாத வருமானத்தில் பாதிக்கு அருகில் வருகிறது. ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து யார் வாங்குவார்? இன்னொரு காரணம், படிக்கவும் பயன்படுத்தவும் சொல்லிக்கொடுக்க ஆளில்லாதது. நான் வாசிக்கும் ஒலிப்புத்தகங்கள் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாதவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசையில்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அவர்களில் பலர் அந்த 310 கோடிக்குள் இருக்கிறார்கள். கைப்பேசித் தவணைத் திட்டத்துக்கும், கைப்பேசி மீதான வரிக் குறைப்புக்கும் இந்த நிறுவனங்களும் அரசுகளும் செலவிடும் கவனம், அடுத்த தலைமுறை வேகத்தைப் பற்றிய பேச்சில் பாதியாவது இருக்க வேண்டும். இதைத் தயாரிப்பு மதிப்பீட்டில் ஏன் எழுதுகிறேன் என்றால், நாம் கட்டும் மாதக் கட்டணம்தான் அவர்களை எதில் முதலீடு செய்யத் தூண்டுகிறது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: வேகத்துக்கு ஐந்துக்கு நான்கு, அப்லோடுக்கு நான்கு, வாடிக்கையாளர் சேவைக்கு ஒன்று. பொருத்தித் தந்த விதத்துக்கு மதிப்பெண் எதுவும் தர முடியவில்லை. ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைத் தேடிப் படியுங்கள்: எத்தனை ஜிபி-க்கு மேல் வேகத்தைக் குறைப்பார்கள், எத்தனை நாளுக்குள் பெட்டியைத் திருப்பித் தரலாம். வரம்பில்லாத டேட்டா என்று முன்பக்கத்தில் எழுதிய திட்டத்திலும் முதல் எண் எங்கோ இருக்கும். திருப்பித் தரும் நாட்களுக்குள் ஒரு சனி, ஞாயிறு இரவு வரும்படி பார்த்து வாங்குங்கள்.

எங்கள் பகுதிக்கு ஃபைபர் வந்தால் அதற்கு மாறிவிடுவேன், பெட்டியைக் கைவிட மாட்டேன். மலிவான குறைந்த டேட்டா திட்டத்துக்கு இறக்கி, அதே மாடிப்படி ஜன்னலில் வைத்திருப்பேன். தெருவில் பள்ளம் தோண்டுகிறவர்கள் கம்பியை வெட்டிவிடும் நாளில் அத்தியாயம் அனுப்ப வேண்டியிருந்தால், அப்லோடு 25 எம்பிபிஎஸ் எனக்குப் போதும்.